மேப்பில் கிளிக் செய்தால் சரியான கடை வர வேண்டும்



நமது ஊரில் மொத்த வியாபாரம் செய்பவர்களின் மேஜையில் கம்ப்யூட்டர் இருப்பது இன்று புதுமை அல்ல. பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, பாக்கி எடுப்பது எல்லாம் அதில்தான் நடக்கிறது. அடுத்த படியாக, லைன் கடைகளை எல்லாம் மேப்பில் குறித்து வைத்து, ஒரு குறியின் மேல் மௌஸால் கிளிக் செய்தால் அந்தக் கடையின் கணக்குத் திறக்கும்படியான மென்பொருள்களும் வந்துவிட்டன. புளியங்குடிப் பக்கம் போகும் வண்டிக்கு எந்தெந்தக் கடை, அச்சன்புதூர், வடகரைப் பக்கம் போகும் வண்டிக்கு எந்தெந்தக் கடை என்று பிரிப்பதற்கு இது மிகவும் வசதியானது.

நானும் என் மளிகை மொத்தக் கடையில் அப்படி ஒன்றை வைத்தேன். அதனால் ஒரு பழைய வாடிக்கையாளரையே இழக்கும் நிலைக்கு வந்தேன். அந்த அனுபவத்தையும், அதன் பிறகு கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்து கொண்டதையும் உறுப்பினர்கள் பயன்பெறும் பொருட்டு இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

இடைகால் பக்கம் எங்களுக்கு இரண்டு கடைகள் வாடிக்கை. இரண்டுக்கும் இடையே நாற்பது மீட்டர் தூரம் கூட இராது. ஒருவர் இருபது வருடமாக எங்களிடம் சரக்கு எடுப்பவர். மற்றவர் போன வருடம் கடை திறந்தவர். புதியவர் போனில் சொன்ன ஆர்டரைப் பதிவதற்காக எங்கள் கணக்குப்பிள்ளை மேப்பில் அவருடைய கடையின் மேல் கிளிக் செய்தார். திறந்தது பழையவரின் கணக்கு. பெயரைக் கவனிக்காமல் ஆர்டரைப் பதிந்து பில்லும் போட்டுவிட்டார். வண்டிக்காரர் ஆளைத் தெரிந்தவர் என்பதால் சரக்கு சரியான கடையில் இறங்கிவிட்டது. ஆனால் பற்று ஏறியது பழையவர் பேரில்.

சனிக்கிழமை வசூலுக்குப் போன பையன், "அண்ணாச்சி, உங்க பாக்கி பதினாலாயிரத்து அறுநூறு" என்று கேட்டிருக்கிறான். அவர் சத்தம் போடவில்லை. "இருவது வருஷமா உங்க முதலாளிகிட்ட வாங்குறேன் தம்பி. வாங்காத சரக்குக்குத் துட்டு கேட்டு இன்னைக்குத்தான் வந்திருக்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். நான் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன். கிரெடிட் நோட் போட்டு, மறு பில் போட்டு, கணக்கை நேர் செய்தேன். கணக்கு ஒரு மணி நேரத்தில் நேராகிவிட்டது. அவர் மனது நேராக ஒரு மாதம் ஆனது.

முதலில் நான் கணக்குப்பிள்ளையைக் கோபித்தேன். பிறகு அதே இடத்தில் நானே பத்து முறை கிளிக் செய்து பார்த்தேன். பத்து முறையும் பழையவர் கணக்குத்தான் திறந்தது! தவறு கையில் மட்டும் இல்லை, மென்பொருளின் உள்ளேயும் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

மௌஸ் சொல்வது இரண்டே எண்கள்

மௌஸின் பித்தானை அழுத்தும்போது கம்ப்யூட்டருக்கு என்ன தெரிகிறது? கடை தெரியாது, ஊர் தெரியாது, மேப் என்பதே தெரியாது. திரையின் இடது மேல் மூலையிலிருந்து வலப்பக்கம் எத்தனையாவது பிக்சல், கீழே எத்தனையாவது பிக்சல் என்ற இரண்டு எண்களும், எந்தப் பித்தான் என்பதும், எந்த நேரம் என்பதும் மட்டுமே தெரியும். பிக்சல் என்பது திரையிலுள்ள மிகச் சிறிய ஒளிப்புள்ளி. விண்டோஸ் போன்ற இயக்க மென்பொருள் இந்தத் தகவலை ஒரு சீட்டுப் போல் எழுதி, நம்முடைய மென்பொருளின் வரிசையில் வைக்கிறது. இதைத்தான் கம்ப்யூட்டர் எழுதுபவர்கள் 'கிளிக் ஈவென்ட்' என்கிறார்கள். அந்தச் சீட்டை எடுத்துப் படித்து, 'இது இன்ன கடை' என்று தீர்மானிப்பது முழுக்க முழுக்க மென்பொருள் எழுதியவரின் பொறுப்பு.

இந்த வரிசை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கும்போது பொறுமையிழந்து மேலும் இரண்டு முறை கிளிக் செய்கிறோம் அல்லவா? அந்தக் கிளிக்குகள் மறைந்து போவதில்லை. வரிசையில் காத்திருந்து, புதிய பெட்டி திறந்த பிறகு அதன் மேல் விழலாம். அந்த இடத்தில் 'சரி' என்ற பித்தான் இருந்தால், நாம் பார்க்காததற்கு நாமே சம்மதம் கொடுத்ததாக ஆகிவிடும்.

திரைப் புள்ளி இடமாக மாறுவது

அடுத்து, அந்தப் பிக்சல் பூமியில் எந்த இடம் என்று கணக்கிட வேண்டும். மேப் இப்போது எந்த அளவுக்குப் பெரிதாக்கப்பட்டுள்ளது, அதன் மூலை பூமியில் எங்கே இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் இது பள்ளிக்கூடக் கணக்குத்தான். ஆனால் தவறு நேர மூன்று இடங்கள் உண்டு.

ஒன்று, திரையில் எண்கள் மேலிருந்து கீழாகக் கூடும். மேப்பிலோ தெற்கிலிருந்து வடக்காகக் கூடும். இதைத் திருப்பிப் போட மறந்தால், திரையின் நடுவில் கடையநல்லூரை வைத்துக்கொண்டு வடக்கே சொக்கம்பட்டியைத் தொட்டால் தெற்கே இடைகால் பக்கம் திறக்கும்.

இரண்டு, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது. கடையநல்லூர் சுமார் 9.08 டிகிரி வடக்கு, 77.35 டிகிரி கிழக்கில் உள்ளது. சில மென்பொருள்கள் அட்சரேகையை முதலில் கேட்கும், சில தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மாற்றிக் கொடுத்துவிட்டால் 77.35 வடக்கு, 9.08 கிழக்கு என்றாகும். அது நார்வே நாட்டுக்கும் வடக்கே, ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே உள்ள பனிக்கடல்! இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். சிறிய தவறுதான் ஆபத்து. தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கத்தோடு நிறுத்தினால் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே 11 மீட்டர் தள்ளிப் போகும். அதாவது மூன்று கடை தள்ளி. ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர்தான். ஆகவே கடையின் இடத்தைப் பதியும்போது ஐந்து இலக்கமாவது வேண்டும்.

மூன்று, எழுத்துகள் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று விண்டோஸில் 125 அல்லது 150 சதவீதம் வைத்துக் கொள்கிறோம். இதை எதிர்பார்க்காமல் எழுதப்பட்ட மென்பொருளில் கிளிக் விழும் இடம் தள்ளிப் போகலாம். எழுதியவரின் கம்ப்யூட்டரில் சரியாக வேலை செய்தது நம் கடையில் தவறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு பிக்சலுக்குள் பத்துக் கடை

என் கடையில் நடந்த தவறின் வேர் இங்கேதான். கம்ப்யூட்டர் மேப்புகள் பெரும்பாலும் 'ஜூம்' என்ற படிகளில் பெரிதாகின்றன. ஒரு படி ஏறினால் இருமடங்கு பெரிதாகும். பன்னிரண்டாம் படியில் வைத்தால், சாதாரணத் திரையில் புளியங்குடி முதல் தென்காசி வரை ஒரே பார்வையில் தெரியும். ஆனால் நமது அட்சரேகையில் அப்போது ஒரு பிக்சல் என்பது சுமார் 38 மீட்டர். பன்னிரண்டு அடி முகப்புள்ள கடைகள் வரிசையாக இருந்தால் அந்த ஒரே பிக்சலுக்குள் பத்துக் கடைகள் அடங்கிவிடும்!

இதற்கு மேல் இன்னொன்று. மௌஸைத் துல்லியமாக ஒரு பிக்சலில் நிறுத்த எவராலும் முடியாது. எனவே கிளிக் விழுந்த இடத்தைச் சுற்றிச் சில பிக்சல் தூரம் வரை தேடும்படி எழுதுவார்கள். இது தேவையானதுதான். என்னுடைய மென்பொருளில் ஐந்து பிக்சல் வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் படியில் ஐந்து பிக்சல் என்றால் நாலாபுறமும் 190 மீட்டர். இடைகாலில் எங்களுக்கு உள்ள இரண்டு கடைகளும் அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன.

வட்டத்துக்குள் ஒன்றுக்கு மேல் கடை இருந்தால் எதைத் திறப்பது? மிக அருகில் உள்ளதைத் திறக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் பட்டியலாகக் காட்டி நம்மைக் கேட்க வேண்டும். எங்களுக்கு எழுதிக் கொடுத்தவரோ, பட்டியலில் முதலில் அகப்பட்டதைத் திறக்கும்படி எழுதிவிட்டார். கணக்கு எண் வரிசைப்படி தேடினால் முதலில் அகப்படுவது யார்? பழைய வாடிக்கையாளர்தான். எங்களோடு அதிக காலம் இருந்தவர் என்பதே அவர் பேரில் தவறான பற்று ஏறக் காரணமாகிவிட்டது.

பதினெட்டாம் படிக்கு மேப்பைப் பெரிதாக்கினால் நிலைமை வேறு. ஒரு பிக்சல் சுமார் 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அடி. பன்னிரண்டு அடிக் கடை ஆறு பிக்சல் அகலத்தில் தெரியும். கண்ணுக்கும் கைக்கும் அது போதும். ஆகவே ஆர்டர் பதிவு, பாக்கி வரவு போன்ற வேலைகளை மேப் பெரிதாக்கப்பட்ட நிலையில் மட்டுமே அனுமதிக்கும்படி மென்பொருளில் கட்டுப்பாடு வைப்பது நல்லது.

இன்னொரு உண்மையையும் மறக்கக் கூடாது. கடையின் இடத்தைச் செல்போன் ஜி.பி.எஸ். மூலம் எடுக்கிறோம். திறந்த வெளியிலேயே செல்போன் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர், அதாவது 16 அடி வரை பிசகும். நெருக்கமான கடைத்தெருவில் இன்னும் கூடும். பன்னிரண்டு அடிக் கடைக்குப் பதினாறு அடிப் பிசகு என்றால், குறி பக்கத்துக் கடை மேல் விழுந்து கிடக்கும். கிளிக் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. லைனுக்குப் போகும் ஆளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியையும் ஒரு முறை கையால் சரிசெய்துவிட வேண்டும்.

எல்லைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

சில வியாபாரிகள் கடைகளைப் புள்ளியாக அல்லாமல் வார்டு வாரியாக அல்லது லைன் வாரியாக எல்லை போட்டு வைத்திருப்பார்கள். கிளிக் விழுந்த இடம் எந்த எல்லைக்குள் என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வழி மிக எளிது. ஒரு காம்பவுண்டுக்குள் நிற்கிறோமா என்று தெரியவில்லை என்றால், ஏதாவது ஒரு திசையில் நேர்கோட்டில் வெகுதூரம் போவதாக நினைத்துக்கொண்டு, அந்தக் காம்பவுண்டின் சுவரை எத்தனை முறை தாண்டுகிறோம் என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படை என்றால் நாம் உள்ளே நின்றோம். இரட்டைப்படை என்றால் வெளியே நின்றோம். காம்பவுண்டு எத்தனை கோணல் மாணலாக இருந்தாலும் இந்தக் கணக்குத் தவறாது.

ஆனால் கணக்குச் சரியாக இருந்தும் விடை தவறலாம். 22 நவம்பர் 2019 அன்று தென்காசி தனி மாவட்டமாக ஆனது. அதற்கு முந்தைய எல்லைக் கோப்பை மென்பொருளில் ஏற்றி வைத்திருந்தால், கடையநல்லூரிலோ சங்கரன்கோவிலிலோ எங்கே தொட்டாலும் 'திருநெல்வேலி மாவட்டம்' என்றுதான் வரும். கிளிக்கில் தவறில்லை, கோப்புப் பழையது. மேப் எந்த வருடத்தது என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

தட்டுவதா, இழுப்பதா, இரட்டைத் தட்டா?

மேப்பை நகர்த்துவதற்கும் அதே இடது பித்தானைத்தான் அழுத்தி இழுக்கிறோம். எனவே அழுத்தியவுடனே கடையைத் திறக்கும்படி எழுதினால், மேப்பை நகர்த்தும்போதெல்லாம் யாராவது ஒருவர் கணக்குத் திறக்கும். அழுத்திய இடத்தையும் விட்ட இடத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்றால் மட்டும் கிளிக் என்று கொள்ள வேண்டும். விண்டோஸில் வழக்கமாக நான்கு பிக்சலுக்கு மேல் நகர்ந்தால் அது இழுப்பு என்று கொள்கிறார்கள்.

இரட்டைக் கிளிக்கில் உள்ள சிக்கல் வேறு. அரை வினாடிக்குள் இரண்டு தட்டு விழுந்தால் விண்டோஸ் அதை இரட்டைக் கிளிக் என்கிறது. ஆனால் முதல் தட்டு விழும்போது இரண்டாவது வரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் ஒற்றைக் கிளிக்குக்கு உரிய வேலை நடந்துவிடும், அதன் பிறகே இரட்டைக் கிளிக்குக்கு உரிய வேலை நடக்கும். ஒற்றைக் கிளிக்குக்கு 'இந்தக் கடையை இன்றைய லோடில் சேர்' என்றும், இரட்டைக் கிளிக்குக்கு 'மேப்பைப் பெரிதாக்கு' என்றும் வைத்தால், பெரிதாக்க நினைத்த ஒவ்வொரு முறையும் ஒரு கடை லோடில் சேர்ந்துவிடும். ஒற்றைக் கிளிக்குக்குத் தீங்கில்லாத வேலையை மட்டும் கொடுக்க வேண்டும். கடையின் பெயரைக் காட்டலாம், குறியின் நிறத்தை மாற்றலாம். கணக்கில் கை வைக்கும் எதையும் ஒற்றைக் கிளிக்குக்குக் கொடுக்கக் கூடாது.

விலையில்லாமல் கிடைப்பதும் உண்டு

எழுதி வாங்கும் வசதி இல்லாதவர்கள் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருளைப் பார்க்கலாம். 2002-ல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கியது. உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்து வருகிறார்கள். இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக இறக்கி நம் கம்ப்யூட்டரிலேயே வைத்துக் கொள்ளலாம். அடிப்படை மேப்பாக, 2004-ல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்தலாம். கடைப் பட்டியலை அட்சரேகை, தீர்க்கரேகையுடன் ஒரு அட்டவணையாகக் கொடுத்தால் அதன் மேல் புள்ளிகளாக வந்துவிடும். அதில் 'ஐடென்டிஃபை' என்ற பித்தானை அழுத்திவிட்டு ஒரு கடையைத் தொட்டால் அதன் விவரம் பக்கத்தில் விரியும்.

நான் மேலே சொன்ன சிக்கல்களை அதை எழுதியவர்கள் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. தேடும் தூரத்தை மில்லிமீட்டரில் வைத்திருக்கிறார்கள். வழக்கமான அளவு 2 மில்லிமீட்டர், நாம் மாற்றிக் கொள்ளலாம். வட்டத்துக்குள் பல கடைகள் இருந்தால் அத்தனையையும் பட்டியலாகக் காட்டும். மேப் பல அடுக்குகளாக இருந்தால், இப்போது தேர்ந்தெடுத்த அடுக்கில் மட்டும் தேடு, மேலிருந்து கீழ் வரை எல்லாவற்றிலும் தேடு, முதலில் அகப்பட்டவுடன் நிறுத்து என்று நாமே சொல்லலாம். பில் போடும் வேலையை அது செய்யாது. ஆனால் லைன் பிரிப்பதற்கும் கடைகளின் குறிகளைச் சரிபார்ப்பதற்கும் தாராளமாகப் போதும்.

தபால் துறை 2025-ல் கொண்டு வந்த டிஜிபின் முறையும் நமக்கு உதவும். 627751 என்ற நமது பின்கோடு ஊர் முழுவதற்கும் பொது. டிஜிபின்னோ நாட்டையே சுமார் 3.8 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. ஒரு சதுரம் ஏறக்குறைய ஒரு சிறிய கடையின் அகலம். வாடிக்கையாளர் கணக்கில் இதையும் குறித்து வைத்தால், கிளிக் விழுந்த இடம் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சாட்சி கிடைக்கும்.

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

எனக்கு எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். ஒரே மாலையில் சரிசெய்து கொடுத்துவிட்டார். அவ்வளவு சிறிய வேலை. சோதித்துப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுத்தது என் தவறு. மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் சரக்கு எடுப்போமா? உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் கம்ப்யூட்டரிலேயே, தங்கள் கணக்குப்பிள்ளையின் கையாலேயே செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

1. மேப்பைச் சிறிதாக்கி, அருகருகே உள்ள இரண்டு கடைகளின் மேல் கிளிக் செய்யுங்கள். பட்டியல் வர வேண்டும், அல்லது 'பெரிதாக்கவும்' என்று சொல்ல வேண்டும். தானாக ஒன்றைத் திறந்தால் ஏற்காதீர்கள்.

2. மேப்பை முழுவதும் பெரிதாக்கி, இரண்டு கடைகளுக்கு நடுவே, ஒன்றுக்குச் சற்று அருகில் கிளிக் செய்யுங்கள். அருகில் உள்ளதுதான் வர வேண்டும்.

3. கடையே இல்லாத வயலில் கிளிக் செய்யுங்கள். எதுவும் திறக்கக் கூடாது. முன்பு திறந்த கடையின் பெயர் அப்படியே நிற்கவும் கூடாது.

4. ஒரு கடையின் மேல் அழுத்தி மேப்பை இழுங்கள். கணக்குத் திறக்கக் கூடாது.

5. ஒரு கடையின் மேல் வேகமாக மூன்று நான்கு முறை தட்டுங்கள். ஆர்டர் இரண்டாகப் பதிவாகக் கூடாது.

6. மாடியில் ஒன்று, கீழே ஒன்று என ஒரே இடத்தில் இரண்டு கடைகள் இருந்தால் இரண்டும் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள்.

7. விண்டோஸில் எழுத்து அளவை 150 சதவீதம் வைத்து, முதல் நான்கு சோதனைகளையும் திரும்பச் செய்யுங்கள்.

8. பில் போடும் முன் கடையின் பெயர், உரிமையாளர் பெயர், ஊர் மூன்றையும் பெரிய எழுத்தில் காட்டி, 'இவர்தானா?' என்று கேட்க வேண்டும். தவறாகப் பதிந்ததை பில் ஆகும் முன் நீக்கவும் வழி இருக்க வேண்டும்.

இந்த எட்டுக்கும் அரை மணி நேரம் போதும். எட்டாவது ஒன்று மட்டும் என் கடையில் முன்பே இருந்திருந்தால், அந்தப் பெரியவரிடம் வாங்காத சரக்குக்கு யாரும் பணம் கேட்டிருக்க மாட்டார்கள்.

நம் முன்னோர்கள் சிட்டையில் எழுதும்போது பேரை வாய்விட்டுச் சொல்லி, எதிரில் நிற்பவர் "ஆமாம்" என்ற பிறகே தொகையை எழுதுவார்கள். கம்ப்யூட்டர் வந்ததால் அந்த வழக்கம் தேவையில்லை என்றாகிவிடாது. இப்போது என் கடையில் கணக்குப்பிள்ளை கிளிக் செய்த பிறகு திரையில் வரும் பெயரைப் போனில் ஒரு முறை வாசித்துக் காட்டுகிறார். பழைய வாடிக்கையாளர் மறுபடியும் எங்களிடமே சரக்கு எடுக்கிறார். போன வாரம் ஆர்டர் சொன்னவர், "பேர் சரியா வந்திருக்கா, பாத்துக்கிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.